பட்டான்செருவின் பனிக்கால இரவும் வீட்டின் கூரையும்

ஹைதராபாத் நகரின் நடுப்பகுதியிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 545 மீட்டர் உயரத்தில், இன்றைய சங்காரெட்டி மாவட்டத்தில் அமைந்துள்ள பட்டான்செரு, தன் தொழிற்பேட்டைக்கும் 1972இல் அங்கு நிறுவப்பட்ட இக்ரிசாட் பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பெயர்பெற்ற ஊர் என்றாலும், டிசம்பரும் ஜனவரியும் வந்தால் அதன் பெயர் செய்திகளில் அடிபடுவது குளிருக்காகவே. வானிலைத் துறையின் அன்றாடப் பட்டியலில் ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள நிலையங்களுள் மிகக் குறைந்த வெப்பநிலை பெரும்பாலும் பட்டான்செருவுக்கு நேராகத்தான் இருக்கும். நகருக்குள் உள்ள பேகம்பேட்டை நிலையத்தில் 14, 15 டிகிரி செல்சியஸ் பதிவாகும் விடியலில் அங்கு பத்துக்குக் கீழே இறங்குவதும் உண்டு. ஹைதராபாத்தின் பதிவேடுகளில் உள்ள மிகக் குளிர்ந்த நாள் 1946 ஜனவரி 8. அன்று வெப்பமானி 6.1 டிகிரியைக் காட்டியது. இமயமலை அடிவாரத்தோடு ஒப்பிட்டால் இவை பெரிய குளிர் அல்ல. ஆனால் ஆண்டின் எட்டு மாதங்கள் வெயிலைத் தள்ளிவைப்பதையே நோக்கமாகக் கொண்டு கட்டப்பட்ட வீடுகளுக்குள், குளிருக்கென்று எந்த ஏற்பாடும் இல்லாமல் இந்த இரவுகளைக் கழிக்க நேர்வதால், இங்குள்ளவர்களுக்கு அது பெரிய குளிராகவே இருக்கிறது.

இக்குளிருக்குக் காரணம் கேட்டால் பீடபூமியின் உயரம் என்று சொல்வது வழக்கம். காற்று ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் சராசரியாக ஆறரை டிகிரி குளிர்கிறது என்ற கணக்குப்படி, 545 மீட்டர் உயரத்துக்குக் கடற்கரையைவிட மூன்றரை டிகிரி குறைவதை விளக்கலாம். ஆனால் ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்கும் பேகம்பேட்டைக்கும் பட்டான்செருவுக்கும் இடையிலுள்ள நான்கைந்து டிகிரி வேறுபாட்டை உயரத்தைக் கொண்டு விளக்க முடியாது. வடக்கிலிருந்து இறங்கும் உலர்ந்த காற்று ஒரு காரணம்தான் என்றாலும், அது வந்த பின்னரும் பகல் வெப்பநிலை 27, 28 டிகிரியை எளிதில் எட்டிவிடுகிறது. பகலில் அவ்வளவு வெப்பம் இருந்தும் விடியலுக்குள் அது எங்கே போய்விடுகிறது என்பதே கேள்வி. அது பக்கவாட்டில் எங்கும் போகவில்லை, மேலே போகிறது.

எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்ப இடைவிடாமல் கதிர்வீச்சை உமிழ்ந்துகொண்டிருக்கிறது. சாதாரண வெப்பநிலையில் உள்ள மண்ணும் சுவரும் கூரையும் உமிழ்வது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள்; அவற்றின் அலைநீளம் ஏறத்தாழ 10 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. வளிமண்டலத்தில் உள்ள நீராவியும் கரியமிலவாயுவும் இக்கதிர்களில் பெரும்பகுதியை உறிஞ்சி, ஒரு பங்கைத் தரைக்கே திருப்பி அனுப்புகின்றன. ஆனால் 8 முதல் 13 மைக்ரான் வரையிலான அலைநீளங்களை உலர்ந்த காற்று ஏறக்குறைய தடையின்றி விட்டுவிடுகிறது. இந்த இடைவெளியை அறிவியலாளர் ‘வளிமண்டலச் சாளரம்’ என்கின்றனர். மேகமும் ஈரமும் உள்ள இரவில் இச்சாளரம் பெருமளவு மூடிக்கிடக்கும். மேகமில்லாத உலர்ந்த இரவில் திறந்துகிடக்கும். 17 டிகிரி வெப்பமுள்ள ஒரு கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 360 வாட் உமிழும்போது, தெளிந்த வானத்திலிருந்து அதற்குத் திரும்பக் கிடைப்பது 280 முதல் 300 வாட் அளவே என்பதால், எஞ்சிய அறுபது, எண்பது வாட் விண்வெளிக்கு இழப்பாகிறது. வங்கக்கடலில் ஒரு தாழ்வுநிலை தோன்றி மேகத்தைத் தக்காணத்துக்குத் தள்ளிவிட்டால், அதே டிசம்பரில் குறைந்தபட்ச வெப்பநிலை சட்டென்று 18, 20 டிகிரிக்கு ஏறிவிடுவதன் காரணமும் இதுவே.

இந்த இழப்பின் ஆற்றலை இந்தியர்கள் நடைமுறையில் அறிந்து பயன்படுத்திய சான்று ஒன்று உண்டு. ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேய அதிகாரி 1775இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில், அலகாபாத் பகுதியில் பனிக்கட்டி தயாரிக்கும் முறையை விவரித்தார். ஆழமில்லாத பெரிய குழிகளை வெட்டி, அவற்றில் கரும்புத் தட்டையையோ சோளத்தட்டையையோ ஓரடி கனத்துக்குப் பரப்பி, அதன்மேல் மெருகிடாத சிறு மண்தட்டுகளில் காய்ச்சி ஆறிய நீரை அந்திப் பொழுதில் ஊற்றி வைத்தால், காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கு மேலே இருக்கும்போதே விடியலில் தட்டுகளில் பனிக்கட்டி படிந்திருக்கும். கீழிருந்து மண்ணின் வெப்பம் ஏறாதபடி தட்டை தடுக்க, மேலே நீர் தன் வெப்பத்தை வானத்துக்கு இழக்கிறது. தட்டின் புறப்பரப்பில் கசியும் நீர் ஆவியாவதும் கொஞ்சம் உதவுகிறது. 1814இல் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் பனித்துளி பற்றி எழுதிய நூலில்தான், தெளிந்த இரவில் பொருள்கள் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோவதும் அதனாலேயே அவற்றின்மேல் பனி படிவதும் முறையாக விளக்கப்பட்டன. வங்காளத்துப் பனிக்கட்டியையும் அவர் அந்நூலில் எடுத்துப் பேசினார்.

தெளிந்த இரவின் குளிரைப் பற்றிய மற்றொரு முக்கியமான கண்டுபிடிப்பும் இந்தியாவில் நிகழ்ந்ததே. சர் சி. வி. ராமனிடம் பயின்று, பின்னர் புனேயில் இந்திய வேளாண் வானிலையியலுக்கு அடித்தளமிட்ட எல். ஏ. ராம்தாஸ், 1932இல் ஆத்மநாதனுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், காற்றில்லாத தெளிந்த இரவில் மிகக் குளிர்ந்த காற்று தரையை ஒட்டி இருப்பதில்லை, தரைக்குச் சில பத்து சென்டிமீட்டர் மேலே இருக்கிறது என்று காட்டினார். தரையே அதிகமாகக் குளிர்கிறது என்பது அக்காலத்துப் பாடம் என்பதால் இதைப் பலர் அளவீட்டுப் பிழை என்றே நினைத்தனர். இன்று அது ‘ராம்தாஸ் அடுக்கு’ என்ற பெயரில் நிலைத்துவிட்டது. ரோடம் நரசிம்மாவும் அவருடைய குழுவினரும் 1990களில் கதிர்வீச்சுக் கணக்கைக் கொண்டு அதற்கு விளக்கம் தந்தனர். காற்றில் மிதக்கும் நுண்துகள்களின் பங்கைப் பெங்களூருவின் ஜவஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்தினர் பிற்காலத்தில் சேர்த்தனர். வானிலை நிலையத்தின் வெப்பமானி தரைக்கு ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், வானத்தைப் பார்க்காதபடி மரப்பெட்டிக்குள் வைக்கப்படுகிறது. நாளிதழில் வரும் எண் அந்த உயரத்துக் காற்றின் வெப்பநிலையே தவிர, வானத்தைப் பார்த்துக் கிடக்கும் மொட்டைமாடியின் வெப்பநிலை அன்று. மாடியின் மேற்பரப்பு அதைவிடச் சில டிகிரி தாழ்ந்தே இருக்கும்.

நகரின் நடுவில் உயர்ந்த கட்டடங்கள் ஒன்றையொன்று பார்த்து நிற்பதால், ஒரு சுவர் உமிழும் கதிரை எதிர்ச்சுவர் வாங்கித் திருப்பித் தருகிறது. பகலில் தாரும் கான்கிரீட்டும் சேமித்த வெப்பம் இரவு முழுவதும் கசிகிறது. பட்டான்செருவில் அளவீடு நடைபெறும் இடமோ சுமார் 1,400 ஹெக்டேர் பரப்பில் விரிந்துள்ள இக்ரிசாட் வயல்வெளி. அங்கு அடிவானம் முதல் அடிவானம் வரை வானம் திறந்துகிடக்கிறது. எனவே அந்த எண் தொழிற்பேட்டையை ஒட்டிய நெரிசலான தெருக்களுக்கு அப்படியே பொருந்தாது என்பதையும், ஊர்ப்புறத்தில் தனியாக எழும் புதிய வீடுகளுக்கு நன்றாகவே பொருந்தும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக இப்பகுதிக்கும் பக்கத்திலுள்ள ராமச்சந்திராபுரத்துக்கும் குடிபெயர்ந்தவர்களுக்கு இந்தக் குளிர் பழக்கமில்லாதது. சென்னையில் டிசம்பர் மாதத்தில் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு ஏழெட்டு டிகிரிதான். இங்கு அது பதின்மூன்று, பதினான்கு. தமிழ் மரபு அறிந்த குளிர் பெரும்பாலும் மழையோடும் வாடையோடும் வருவது. சங்கப் பாட்டான நெடுநல்வாடை காட்டும் வீடுகளில் கதவுகள் தாழிடப்படுவதும், குளிர்ந்த நீர்க்கலங்களை மக்கள் தொடாமல் விடுவதும், அகன்ற வாயுடைய தடவில் நெருப்பு மூட்டிக் காய்வதும் ஈரக் காற்றின் குளிரைச் சமாளிக்கும் ஏற்பாடுகள். பட்டான்செருவில் காற்று பெரும்பாலும் அசையாத இரவில்தான் குளிர் உச்சத்தை எட்டுகிறது. ஆகையால் கதவிடுக்கை அடைப்பது நல்லதே என்றாலும், அதனால் கிடைக்கும் பயன் வீட்டின் கூரையைக் கவனிப்பதால் கிடைக்கும் பயனில் சிறுபங்குதான்.

கூரையின் கணக்கு எளியது. ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியாக, உள்ளும் புறமும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதை ‘வெப்பக் கடப்பு எண்’ என்பர். பொறியாளர்கள் இதை யு மதிப்பு என்று சொல்கிறார்கள். வெறும் 15 சென்டிமீட்டர் கான்கிரீட் தளத்துக்கு இந்த எண் ஏறத்தாழ 4. கான்கிரீட் கனமானது, ஆகவே வெப்பத்தைத் தடுக்கும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் அது வெப்பத்தைச் சேமிக்குமே தவிரத் தடுக்காது. மாலையில் நான்கைந்து மணி நேரம் அது பகலின் வெப்பத்தை அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கும். நள்ளிரவுக்குப் பின் சேமிப்பு தீர்ந்ததும் அறையின் வெப்பத்தை உறிஞ்சி வானத்துக்கு அனுப்பும் வழியாக மாறிவிடும். வெளிக்காற்று 13 டிகிரியாக இருக்கும் தெளிந்த இரவில், வானத்தின் குளிர்ச்சியையும் சேர்த்துக் கூரை உணரும் வெப்பநிலை 10 டிகிரி என்று கொண்டால், 22 டிகிரி உள்ள 100 சதுர மீட்டர் மேல்மாடி வீடு கூரை வழியாக மட்டும் கிட்டத்தட்ட 4,800 வாட் வீதத்தில் வெப்பத்தை இழக்கும். கடைகளில் விற்கும் 2,000 வாட் அறைச்சூடேற்றிகள் இரண்டு முழு இரவும் எரிந்தாலும் இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது.

அதே தளத்தின்மேல் 5 சென்டிமீட்டர் கனமுள்ள வெப்பக்காப்புப் பலகை, அதாவது காற்றுக்குமிழிகள் அடைபட்ட பாலிஸ்டைரீன் பலகை, பதித்து மேலே ஓடு பாவினால் யு மதிப்பு 0.6 அளவுக்குக் குறைகிறது. இதை ஒரு படுக்கையறைக்குப் பொருத்திப் பார்த்தால் பொருள் விளங்கும். 12 சதுர மீட்டர் அறையின் கூரை வழியான இழப்பு, வெறும் தளத்தில் 570 வாட்டுக்கு மேல். காப்பிட்ட தளத்தில் சுமார் 85 வாட். தூங்கும் ஒரு மனிதரின் உடல் எழுபது, எண்பது வாட் வெப்பத்தை வெளிவிடுவதால், அவ்வறையில் இருவர் படுத்திருந்தாலே கூரையின் இழப்பை ஈடுகட்டி, சுவர்களுக்கும் கொஞ்சம் மிச்சம் தர முடியும். மின்கட்டணம் ஏதுமில்லாத சூடேற்றி இது.

செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து இடித்துக் கெட்டிப்படுத்தி மேலே தட்டோடு பதிக்கும் தமிழ்நாட்டுப் பழைய முறையும், தளத்தின்மேல் மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்கி இடைவெளியை நிரப்பும் முறையும் இதே கொள்கையைச் சார்ந்தவையே. அடைபட்ட காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். பாலிஸ்டைரீன் அளவுக்கு இவை காப்பளிக்காவிட்டாலும் வெறும் தளத்தைவிட மேல். புதிய வீடுகளில் நீர்க்காப்புப் பூச்சோடு வேலையை முடித்துவிடும் வழக்கம் வந்த பிறகு, இந்த அடுக்கு சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிட்டது.

கூரைக்கு வெள்ளையடிப்பது பற்றி இங்கே ஒரு தெளிவு வேண்டும். தெலங்கானா அரசு 2023இல் ‘குளிர்கூரைக் கொள்கை’ ஒன்றை அறிவித்து, வெயிலைத் திருப்பியடிக்கும் பூச்சுகளையும் ஓடுகளையும் ஊக்குவித்து வருகிறது. அரசு, வணிகக் கட்டடங்களுக்கும் 600 சதுர கஜத்துக்கு மேற்பட்ட மனைகளில் எழும் குடியிருப்புகளுக்கும் அவற்றைக் கட்டாயமாக்கியும் உள்ளது. வெள்ளைக் கூரை இரவில் கூடுதலாகக் குளிரும் என்ற அச்சம் தவறு. அகச்சிவப்பு அலைநீளத்தில் வெள்ளைப் பூச்சும் சாம்பல்நிறச் சிமென்டும் ஏறக்குறைய ஒரே அளவில் உமிழ்கின்றன. கண்ணுக்குத் தெரியும் நிறத்துக்கு இரவில் வேலையில்லை. ஆனால் பனிக்காலப் பகலில் தளம் சேமித்திருக்கக்கூடிய வெயிலை அது தள்ளிவிடும் என்பது உண்மை. ஏப்ரல், மே மாதங்களின் ஆதாயத்தோடு வைத்துப் பார்த்தால் இந்த நட்டம் சிறியது. வெள்ளைப் பூச்சுக்கு அடியில் காப்பும் இருந்தால் அச்சிறிய நட்டமும் பொருட்டல்ல.

குளிரை உடல் எப்படி உணர்கிறது என்பதும் கூரையோடு தொடர்புடையதே. அறையின் காற்று 22 டிகிரியாகவும் சுவரும் கூரையும் 16 டிகிரியாகவும் இருந்தால், அங்கே அமர்ந்திருப்பவர் உணர்வது கிட்டத்தட்ட இரண்டின் சராசரியான 19 டிகிரியை. உடல் தன் கதிர்வீச்சைக் குளிர்ந்த கூரைக்கு இழந்துகொண்டே இருக்கும். காற்றை மட்டும் சூடாக்கும் விசிறிச் சூடேற்றி அணைந்த சில நிமிடங்களில் குளிர் திரும்பிவிடுவதன் காரணம் இது. பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. ஹைதராபாத் அடுக்கக வாசிகளிடம் மாதவி இந்திரகண்டி 2008இல் நடத்திய கள ஆய்வு, கோடையிலும் மழைக்காலத்திலும் அவர்களுக்கு இதமான வெப்பநிலை 29 டிகிரியை ஒட்டியது என்று கண்டது. 29 டிகிரிக்குப் பழகிய உடல் 18 டிகிரி அறையில் நடுங்குவதில் வியப்பில்லை. குளிர்ப் பருவங்களில் வீட்டின் உட்புற வெப்பநிலை 18 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டுநல வழிகாட்டி பரிந்துரைக்கிறது. அதே ஆண்டில் இந்தியாவின் பத்து லட்சம் மரணங்கள் பற்றிய ஆய்வுத் தரவுகளைக் கொண்டு வெளிவந்த கட்டுரையொன்று, கடுங்குளிரையும் கடும் வெப்பத்தையும்விட மிதமான குளிரோடு தொடர்புடைய மரணங்களே மிகுதி என்று காட்டியது. முதியவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கும் வீட்டில் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. வெப்பமானி இல்லாத வீட்டிலும் ஓர் அளவுகோல் உண்டு: தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியில் உறையத் தொடங்கும், படுக்கையறை அலமாரியில் உள்ள புட்டி நண்பகலிலும் இளகாமல் கட்டியாகவே இருந்தால் அவ்வறை பகல் வெப்பத்தைச் சேமிக்கவில்லை என்று பொருள்.

சேமிக்கும் வழி தெற்குச் சாளரம். பட்டான்செரு வடக்கு அட்சரேகை பதினேழரை டிகிரியில் இருப்பதால், டிசம்பர் 21 அன்று நண்பகல் சூரியன் தெற்கு அடிவானத்திலிருந்து 49 டிகிரி உயரத்தில் மட்டுமே நிற்கிறது. மார்ச் 21இல் அது எழுபத்திரண்டரை டிகிரிக்கு ஏறி, மே இரண்டாம் வாரத்தில் தலைக்கு நேர்மேலே வந்து, ஆகஸ்ட் தொடக்கம் வரை நண்பகலில் வடக்கே சாய்ந்து நிற்கிறது. தெற்குச் சாளரத்தின் தலைமட்டத்தில் 60 சென்டிமீட்டர் நீட்டிய சன்ஷேடு இருந்தால், டிசம்பர் நண்பகலில் அதன் நிழல் சாளரத்தில் 69 சென்டிமீட்டர் வரை மட்டுமே இறங்கும். 120 சென்டிமீட்டர் உயரமுள்ள சாளரத்தின் கீழ்ப்பாதியில் வெயில் விழுந்து தரையைச் சூடேற்றும். மார்ச் மாதத்தில் அதே நிழல் 190 சென்டிமீட்டர் இறங்கி முழுச் சாளரத்தையும் மூடிவிடும். வேண்டும்போது வெயிலை விட்டு, வேண்டாதபோது தடுக்கும் இந்த ஏற்பாட்டில் அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. மேற்குச் சாளரத்தில் இது நடக்காது. அங்கு வெயில் தாழ்ந்து வருவதால் எந்த சன்ஷேடும் கோடை மாலையைத் தடுப்பதில்லை.

ஆகவே நவம்பர் தொடங்கியதும் தெற்குச் சாளரத்துக்கு முன்னால் உள்ள பந்தலையும் படர்கொடியையும் கழித்துவிட்டு, காலை பத்து மணியிலிருந்து திரையை விலக்கி வெயிலை உள்ளே விடுவதும், வெளிக்காற்று உள்காற்றைவிட வெப்பமாக இருக்கும் நண்பகல் முதல் நான்கு மணி வரை சாளரங்களைத் திறந்துவைப்பதும், ஐந்து மணிக்குள் கதவடைத்து, பொழுது சாய்ந்ததும் கனமான திரையை இழுத்துவிடுவதும் ஒரு நாளின் ஒழுங்காகிறது. ஒற்றைக் கண்ணாடியின் வெப்பக் கடப்பு கான்கிரீட் தளத்தைவிட அதிகம். திரை அதை ஓரளவே குறைக்கும் என்றாலும், கண்ணாடியின் குளிர் உடலுக்கு நேராகத் தெரியாமல் மறைக்கும்.

இந்த நேர ஒழுங்குக்குப் பட்டான்செருவில் இன்னொரு காரணமும் உண்டு. தெளிந்த இரவில் தரை குளிர, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழே தங்குகிறது. அதற்கு மேலே வெப்பமான காற்று மூடியிருக்கிறது. உயரம் கூடக்கூட வெப்பம் குறையவேண்டிய இயல்பு மாறி நிற்கும் இந்நிலைக்கு ‘வெப்பநிலைத் தலைகீழ்வு’ என்று பெயர். அப்போது ஆலைப்புகையும் வண்டிப்புகையும் மேலெழ வழியில்லாமல் வீடுகளின் உயரத்திலேயே தேங்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாட்டின் மிகக் கடுமையாக மாசடைந்த 43 தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது, பட்டான்செரு, பொல்லாரம் பகுதியும் அதில் இடம்பெற்றது. வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று கலங்கி, தேங்கிய புகை மேலே கலைகிறது. காலை ஆறு மணிக்குச் சாளரங்களைத் திறந்து ‘புதுக்காற்று’ விடும் பழக்கம் கோடைக்கு ஏற்றது. பனிக்காலத்தில் அந்நேரத்துக் காற்றுதான் நாளின் மிகக் குளிர்ந்ததும் மிக அழுக்கானதும். இக்ரிசாட் வளாகத்திலும் பொல்லாரத்திலும் பாசமைலாரத்திலும் இயங்கும் தானியங்கி நிலையங்களின் மணிவாரி அளவுகள் பொதுமக்கள் பார்வைக்கு உள்ளதால், இதை யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கதவடைத்த வீட்டில் எதையும் எரிக்கக் கூடாது. கரி கனலும் கணப்புச் சட்டியை அறைக்குள் வைத்துத் தூங்குவோர் ஆண்டுதோறும் வட இந்தியாவில் இறப்பது செய்தியாகிறது. கரி முழுமையாக எரியாதபோது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது, அது இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. நகரங்களில் இதன் புதிய வடிவம் குளியலறைக்குள் மாட்டப்படும் கேஸ் கீசர். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் நீரை 25 டிகிரி சூடேற்றும் கீசர் ஒன்று மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எரிவாயுவைச் செலவழிக்கும். கால் மணி நேரக் குளியலுக்குக் கால் கிலோ. அது முழுமையாக எரிய மூன்று கன மீட்டருக்குமேல் காற்று வேண்டும். ஒன்றரை மீட்டருக்கு இரண்டு மீட்டர் அளவுள்ள குளியலறையில் இருப்பதே எட்டு கன மீட்டர் காற்று. குளிருக்காக வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்துவிட்டால், குளித்து முடிப்பதற்குள் அறையின் ஆக்சிஜனில் மூன்றில் ஒரு பங்கு தீரும்; ஆக்சிஜன் குறையக் குறைய எரிதல் கெட்டு, நச்சுவாயு பெருகும். இந்த ஒரு செய்தியில் சமரசத்துக்கு இடமில்லை: கேஸ் கீசரின் இடம் குளியலறைக்கு வெளியே, திறந்த பால்கனியில்.

வெந்நீருக்கு மின்சாரம் ஒன்றும் பெரும் செலவல்ல. 15 லிட்டரை 18 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏற்ற அரை யூனிட்டுக்கும் குறைவாகவே ஆகும். பட்டான்செருவின் டிசம்பர் வானம் மேகமற்றது என்பதால் சூரிய வெந்நீர்க் கருவியும் இங்கு நன்றாகவே வேலை செய்கிறது. இரவில் வெப்பத்தைப் பறிக்கும் அதே தெளிந்த வானம்தான் பகலில் அதைத் தருகிறது. அதன் தகட்டைத் தெற்கு நோக்கி 30 டிகிரி அளவுக்குச் சாய்த்து வைத்தால் பனிக்கால வெயில் அதிகம் கிடைக்கும். செலவே இல்லாத இன்னொரு வழி உண்டு. இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் சராசரியை ஒட்டி, இங்கு 25 டிகிரிக்கு மேலேயே நிற்கிறது; நிலத்தடித் தொட்டியின் நீரும் ஏறக்குறைய அவ்வளவு வெப்பத்தோடு இருக்கும். அதை முன்னிரவிலேயே மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றிவிட்டால் விடிவதற்குள் வானத்துக்குப் பல டிகிரியை இழந்துவிடும். மோட்டாரை இரவில் ஓட்டாமல் காலையில் குளிப்பதற்குச் சற்றுமுன் ஓட்டினால் கீசருக்கு ஏறத்தாழக் கால் பங்கு வேலை மிச்சமாகிறது.

தரையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கிரானைட்டும் டைல்ஸும் மரத்தைவிட வெப்பத்தை விரைந்து உறிஞ்சுவதால் ஒரே வெப்பநிலையிலும் காலுக்குச் சில்லென்று இருக்கும். கோரைப்பாயோ ஜமுக்காளமோ போதும். தரைத்தள வீட்டுக்கு மண்ணின் வெப்பம் கீழிருந்து துணைநிற்கிறது, இடைமாடிகளுக்கு மேலும் கீழும் உள்ள வீடுகள் துணை. குளிர் முழுமையாகத் தாக்குவது மேல்மாடி வீட்டைத்தான். பஞ்சு ரஜாயை வெயிலில் உலர்த்துவது வெறும் சம்பிரதாயம் அல்ல, ஈரம் நீங்கிப் பஞ்சு உப்பும்போதுதான் அதற்குள் காற்று அடைபட்டுக் காப்பாகிறது. கரிசல் மண்ணில் எழுந்த வீடுகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை உண்டு: மழை நின்றபின் அம்மண் உலர்ந்து சுருங்கும்போது சுவர்களில் விரிசல்கள் விடும், பட்டான்செருவில் கரிசலும் செம்மண்ணும் அருகருகே கிடப்பதால் அண்டை வீட்டுக்கு வராத விரிசல் ஒரு வீட்டுக்கு வரலாம். டிசம்பரில் அவற்றைப் பார்த்து அடைப்பது குளிருக்கும் அடுத்த மழைக்கும் சேர்த்து உதவும்.

செலவின் வரிசையை வைத்துப் பார்த்தால், இவ்வூர் மக்கள் பனிக்காலத்துக்காகக் கைக்காசைக் கொட்டுவது பெரும்பாலும் கடைசியில் வரவேண்டிய பொருளான அறைச்சூடேற்றிக்கே. முதலில் வரவேண்டிய கூரைக்காப்பை எவரும் கேட்பதில்லை, கட்டுநர்களும் சொல்வதில்லை. குடியிருப்புகளுக்கென்று மத்திய அரசு 2018இல் வகுத்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பு, கூரையின் யு மதிப்பு 1.2க்கு மிகக் கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் தளம் அந்த வரம்பைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் கசிகிறது. மேல்மாடி வீட்டை வாங்கப்போகிறவர்கள் சமையலறை மேடையின் கிரானைட் நிறத்தைக் கேட்பதற்கு முன், கூரையின் யு மதிப்பு என்ன என்று கட்டுநரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.